ஒச்சாயியின் சும்மாட்டுத் துணி

ஆடும் நாயும் ஆளோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், நாய்கள் காட்டில்தான் இருந்தன. எந்த வீட்டு வாசலையும் அவை மிதித்ததில்லை. கரட்டு மலையடியில் ஆடு மேய்த்த ஒச்சாயிக்கு அது பெரிய குறை. நரி வந்து அவளுடைய ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் ஒரு தாய்நாயின் காலில் ஏறியிருந்த கருவேல முள்ளை அவள் பிடுங்கிவிட்டாள்.

"என் பிள்ளைகள்ல ஒண்ணைத் தாரேன் தாயி," என்றது நாய். "மூணாம் நாள் பொழுதுசாய வருவேன். அப்பவும் அது வீட்டுக்குப் போகணும்னு அழுதா, கையோட கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் எங்க கூட்டத்துல ஒண்ணுகூட மனுசன் வாசலுக்கு வராது."

"அழுமா? தாயில்லாத குட்டியை வேற ஆட்டு மடியில சேர்த்துவிட்ட கை இது!" என்றாள் ஒச்சாயி. பெருமை பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சொன்னது பொய்யில்லை. குட்டி சேர்ப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள்தான் கெட்டிக்காரி.

வீட்டுக்கு வந்ததும் நாய்க்குட்டியைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினாள். புதுக் கோரைப்பாய் விரித்தாள். பாலில் கருப்பட்டி கரைத்து வைத்தாள். குட்டி பாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று அழுதது. மறுநாளும் அதே பாட்டுதான்.

"ராஜ உபசாரம் பண்ணியும் மசியலையே மதினி! ஊரெல்லாம் தண்டோரா போட்டீகளே!" என்று நாத்தனார் குருவம்மா சிரித்தாள். ஒச்சாயிக்கு முகம் சுண்டிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம், தாயை இழந்த ஆட்டுக்குட்டி ஒன்றை வேறோர் ஆட்டிடம் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் ஈன்றிருந்த அந்த ஆட்டின் பனிக்குட ஈரத்தை எடுத்து, வழக்கம்போல் குட்டியின் மேல் பூசினாள். ஆடு மோந்து பார்த்தது. தன் வாசம் தெரிந்ததும் குட்டியை நக்கிக்கொடுத்து மடியில் விட்டுக்கொண்டது.

ஒச்சாயியின் கை அப்படியே நின்றது.

"அடி கூறுகெட்டவளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாய்க்குட்டி மேலிருந்த அம்மா வாசத்தைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு, யார் வாசமுமே இல்லாத புதுப்பாயில் அல்லவா பச்சைப்பிள்ளையைப் படுக்கச் சொல்லியிருக்கிறாள்!

தழைக்கட்டு சுமக்கத் தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை உருவினாள். வியர்வையும் ஆட்டு வாடையும் ஏறிப்போன பழந்துணி. அதை நாய்க்குட்டி முன்னால் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

குட்டி மோந்தது. "இது யாரு?"

"நான்தான்டா."

அது துணிமேல் ஏறியது. மூன்று சுற்றுச் சுற்றிப் புரண்டு, அந்த வாசத்தை உடம்பெல்லாம் பூசிக்கொண்டது. பிறகு ஒச்சாயியின் காலோடு முதுகை ஒட்டிவைத்துத் தூங்கிப்போனது.

பொழுதுசாயத் தாய்நாய் வந்தது. குட்டி ஓடிப்போய் அம்மாவின் முகத்தை ஆசைதீர நக்கியது. கூப்பிட வாயெடுத்த ஒச்சாயி அடக்கிக்கொண்டாள். குட்டி திரும்பி வந்து துணியைக் கவ்வியது. துணியோடு கிளம்பப் போகிறது என்றுதான் நினைத்தாள். அதுவோ துணியை வாசற்படிக்கு இழுத்து வந்து, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நீ போயிட்டு வாம்மா. என் வீட்டுல ஆடு இருக்கு. நான் பார்த்துக்கணும்."

"எம் பிள்ளை!" என்று தலைநிமிர்ந்தது தாய்நாய்.

"எம் பிள்ளை!" என்றாள் ஒச்சாயியும், அதே நேரத்தில்.

அன்று முதல்தான் நாய், ஆசையாய் வாங்கிப்போடும் புது மெத்தையை விட்டுவிட்டு, நாம் கழற்றிப்போட்ட அழுக்குச் சட்டையைத் தேடிப்பிடித்து, மூன்று சுற்றுச் சுற்றி அதில் படுக்கிறது. இது என் வீடு என்று அது சொல்வது அப்படித்தான்.