கன்னிக்கு இடம் பார்த்த கதை

கோணக்குளத்தில் புத்திக்குக் கொஞ்சம் பஞ்சம்தான், ஆனால் நல்ல மனசுக்குக் குறைச்சலே கிடையாது. சடையாண்டி வீட்டுக்கு இரண்டிலுமே ஊரில் முதலிடம். வீட்டில் மூன்று பேர்: சடையாண்டி, அவன் பெண்சாதி மூக்கம்மா, தம்பி பெத்தணன்.

ஒருநாள் பருத்திக்காட்டுப் பக்கம் நாய் முனகும் சத்தம் கேட்டு மூவரும் போனார்கள். அங்கே கிடந்தது ஒரு கன்னி நாய். கன்னி என்றால் முயல் விரட்டுகிற வேட்டைச் சாதி. ஒல்லி உடம்பு, நெட்டைக் கால், விட்டால் காற்றாய்ப் பறக்கும். இந்தப் பெட்டைக்கோ எழுந்து நிற்கவே தெம்பில்லை. வளர்த்தவன் ஊரைவிட்டுப் போகும்போது கல்தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தான். விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டிருந்தது.

மூக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்ங்க, உடனே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்."

"அவுத்துவிட்டா ஓடிரும் மதினி" என்றான் பெத்தணன்.

"அவுக்காட்டி தூண் விடாதுடா" என்றான் சடையாண்டி.

இரண்டும் நியாயமாகவே பட்டது. மூவரும் யோசித்தார்கள். பிறகு மண்வெட்டி கொண்டுவந்து தூணைத் தோண்டி எடுத்தார்கள். அண்ணனும் தம்பியும் தூணைத் தோளில் சுமந்துவர, நாய் முன்னால் தள்ளாடி நடந்தது. பார்த்த ஊர்க்காரர்கள், "நல்லவேளை, கிணத்துல கட்டாமப் போனான்" என்று ஆறுதல்பட்டுக்கொண்டார்கள்.

டவுனிலிருந்து மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஜெசிந்தா வந்து பார்த்தார்.

"கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. தெம்பு வந்ததும் தினமும் ஓட விடுங்க. வேட்டை நாய், கட்டிப்போட்டா ஏங்கிப் போயிரும்."

மூக்கம்மா கஞ்சி ஊற்றி ஊற்றியே அதைத் தேற்றினாள். தெம்பு வந்ததும் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போய் அவிழ்த்து விட்டார்கள். கன்னி ஒரே பாய்ச்சலில் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

"டாக்டரம்மா ஓட விடத்தானே சொன்னாங்க?" என்றான் சடையாண்டி.

"ஆமாண்ணே."

"திரும்பி வர விடுறதைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலையே."

மூக்கம்மா கரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தம்பியும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினார்கள். இதற்குள் கன்னி கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சிரைக்க வந்து, அவர்கள் நடுவில் படுத்துக்கொண்டது.

பெத்தணன் அதன் தலையைத் தடவியபடியே பெருமூச்சு விட்டான். "எங்க கிடந்து தவிக்குதோ! மோப்பம் பிடிக்கிற நாய் ஒண்ணு இருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிரலாம்."

சடையாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். "அடேய், இந்தா ஒண்ணு இருக்கேடா!"

சங்கிலியை அதன் மூக்கருகே காட்டினார்கள். கன்னி எழுந்து விறுவிறுவென்று நேரே அவர்கள் வீட்டுக்கே போய்க் கஞ்சிச் சட்டியில் வாயை வைத்தது.

"மோப்பம்னா இதுல்ல மோப்பம்!" என்று அசந்துபோனான் பெத்தணன். "நம்ம நாய் சாப்பிடுற சட்டி வரைக்கும் வந்திருச்சு."

"நம்ம நாய் கிடைச்சதும் இதையும் நாமளே வளப்போம்ங்க" என்றாள் மூக்கம்மா.

மறுநாள் டாக்டர் வந்து சத்தியம் செய்து சொன்ன பிறகுதான் இரண்டும் ஒரே நாய் என்று நம்பினார்கள். டாக்டருக்கும் அப்போதுதான் ஒன்று தோன்றியது.

"கன்னிக்கு நல்ல இடமாப் பாருங்க. ஓடியாட எடமும் சுத்தி வேலியும் இருக்கணும். ஆளு எப்படின்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுக் குடுங்க."

விஷயம் கேள்விப்பட்டு, எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த திரவியம் வந்தார். தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. ஓடி விரட்ட ஒரு நாய் அவருக்கு வேண்டியிருந்தது. வந்து பார்த்தால் வாசலில் கோலம், தட்டில் கேசரி, பஜ்ஜி. கன்னி கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டான் சடையாண்டி.

"நாய்க்கு எதுக்குப்பா மாப்பிள்ளை?"

"சரி, வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?"

"நானும் ஒரு பசுமாடும்தான்."

"மாமியார் தொந்தரவு கிடையாது" என்று மூக்கம்மா புருஷன் காதில் கிசுகிசுத்தாள்.

நாலு பேரிடம் விசாரிக்க வேண்டுமே! பெத்தணன் தெருவுக்குப் போய் மூன்று பேரைப் பிடித்து விசாரித்தான். நாலாவது ஆள் கிடைக்காததால் உள்ளே வந்து திரவியத்திடமே விசாரித்தான். மற்ற மூவரைவிட அவர்தான் திரவியத்தைப் பற்றி ரொம்ப நல்லவிதமாகச் சொன்னார். இடம் முடிவாகிவிட்டது.

அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "பழகுற வரைக்கும் தெரிஞ்ச முகம் பக்கத்துல இருந்தா நல்லது. வெளியாளைப் பார்த்துக் குரைக்க ஆரம்பிச்சா, அதைத் தன் வீடா நினைச்சிருச்சுன்னு அர்த்தம்."

மூவரும் பாய், தலையணை, சட்டிபானையோடு தோட்டத்தில் குடியேறினார்கள்.

கன்னிக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போயிற்று. எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே அது பறந்த பறப்பில் காட்டுப்பன்றிகள் அடுத்த ஊருக்கு ஓடிவிட்டன. ஆனால் அது குரைக்கவில்லை. ஒதுக்குப்புறத் தோட்டம், இவர்களை விட்டால் யாரும் வருவதில்லை, யாரைப் பார்த்துக் குரைக்கும்?

"இன்னும் பழகலை அண்ணாச்சி" என்று தினமும் சொல்லிவிட்டு மூவரும் சாப்பிட உட்காருவார்கள். திரவியம் அரிசிப்பானையை எட்டிப் பார்ப்பார். ஒருவழியாக, டாக்டரிடமே முறையிடுவது என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில், டவுனில் வாங்கிய புது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து கேட்டருகே நின்றார். முகம் தெரியாத அந்த உருண்டைத் தலையைப் பார்த்ததும் கன்னி எழுந்து நின்று காடே அதிரக் குரைத்தது.

"குரைச்சிருச்சுங்க!" என்று மூக்கம்மா ஆனந்தத்தில் துள்ளினாள். "வெளியாளு வந்துட்டான்!"

சடையாண்டி கேட்டைப் பூட்டினான். பெத்தணன் கம்பை ஓங்கினான்.

"ஏ, திறங்கப்பா! இது என் தோட்டம்!"

"அதைக் கன்னி சொல்லட்டும். ஓடிப்போயிரு!"

திரவியம் நொந்துபோய் ஹெல்மெட்டைக் கழற்றினார். குரைப்பு சட்டென்று நின்றது. கன்னி வாலை ஆட்டிக்கொண்டு கேட்டின் மேல் தாவித் தாவிக் குதித்தது. மூக்கம்மா பதறிப்போய்க் கேட்டைத் திறந்தாள்.

"வாங்கண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்தீங்க! இப்பத்தான் ஒருத்தன் இங்கன நின்னு, இது என் தோட்டம்னு கத்திக்கிட்டு இருந்தான். விரட்டிட்டோம்."

"மறுபடியும் வருவான்" என்றான் சடையாண்டி. "உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போக? நாங்க இங்கயே இருந்துக்கிறோம்."

பெத்தணன் திரவியத்தின் கையிலிருந்ததை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, இங்க பாரு! பயந்து ஓடுன அவசரத்துல தலையை அண்ணாச்சி கையில விட்டுட்டுப் போயிட்டான்!"