கோத்தகிரி யானையும் கிட்டுச்சாமியின் இடுப்பும்

புளுகுறதில் கிட்டுச்சாமியை மிஞ்ச துடியலூர் பக்கம் ஆள் கிடையாது. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சைக்கிள் மிதிப்பார், சைக்கிள் மிதிக்காத நேரமெல்லாம் அளந்து விடுவார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் புளுகினது பெருமைக்காக இல்லை. பெஞ்சை விட்டு எந்திரிக்க முடியாமல் புளுகினார்.

நடந்தது இதுதான். காரமடை ரோட்டில் சுப்பணன் பேக்கரி வாசலில் ஒரு மரப்பெஞ்சு கிடக்கிறது. ரொம்பத் தாழ்வான பெஞ்சு. சைக்கிள் கூட்டம் மொத்தமும் மிதித்து வந்த களைப்பில் அதில்தான் உட்கார்ந்து டீ குடிக்கும். கிட்டுச்சாமியும் டீக்கிளாஸோடு பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் இடுப்புக்குள் என்னமோ 'கடக்' என்றது. அங்கே கிளம்பிய வலி புட்டம், தொடை, கெண்டைக்கால் என்று யாரையும் கேட்காமல் இறங்கிப் போய் சுண்டுவிரலில் நின்றது. ஷாக் அடித்தால் எப்படி இருக்கும் என்று தொழிலில் பார்த்தவர் அவர். இது அதற்கும் மேலே. வாய் திறந்ததே ஒழிய சத்தம் வரவில்லை.

அய்யோ சாமி, இன்னைக்குப் பாத்தா வரோணும் என்று நினைத்தார். ஏனென்றால் அடுத்த ஞாயிறு கோத்தகிரி மலை ஏறுகிறார்கள். போன வருசம் மலையில் ஒருத்தருக்கு வளைவில் இடுப்பு பிடித்துக்கொண்டு, பால் வண்டியில் படுக்கப்போட்டு இறக்க வேண்டியதாகிவிட்டது. கூட்டத்துக்குக் கேப்டன் கலாமணி டீச்சர், பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அவர் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டுவிட்டார். மலைக்கு முந்தின ஞாயிறு டீ குடித்து முடித்ததும், கையை ஊனாமல், எதையும் பிடிக்காமல் அந்தப் பெஞ்சை விட்டு எந்திரிக்க வேண்டும். எந்திரித்தவர்களுக்கு மலை. மற்றவர்களுக்கு டெம்போ. டெம்போ என்றால் சாமான் வண்டி. கூட்டத்துக்குத் தின்ன வாழைத்தார் அதில்தான் வரும்.

கிட்டுச்சாமி இந்த மலைக்காக ஒரு வருசம் பாடுபட்டிருந்தார். ஹேண்டில்பாரை ரெண்டு விரக்கடை உயர்த்தினார். முழங்கால் நடுவில் தலையணை வைத்துத் தூங்கினார். வெந்நீர் ஒத்தடம், தைலம், விடிகாலையில் தரையில் படுத்து இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்குகிற பயிற்சி எதையும் விடவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு மலை ஏறப்போற சங்கதியை வேறு சொல்லி வைத்திருந்தார். இப்போது வாழைத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனால் அந்த வீட்டுப் படியை இனி எப்படி மிதிக்கிறது?

"டீ ஆச்சுங்களா? ஒவ்வொருத்தரா எந்திரிங்க பாக்கலாம்" என்றார் கலாமணி டீச்சர்.

"இருங் டீச்சர்!" என்று கத்தினார் கிட்டுச்சாமி. சித்த நேரம் ஓட்டினால் நரம்பு தானாக விட்டுவிடும் என்று ஒரு நப்பாசை. "எந்திரிக்கறதுன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. எனக்கு சயாட்டிகா, அதானுங் இடுப்பு நரம்பு வலி, வந்த கதையை உங்களுக்குச் சொல்லவே இல்லைங்களே?"

"சொல்ல வேண்டாமுங்" என்றது பெஞ்சின் அந்தக் கடைசி. அங்கே உட்கார்ந்திருந்தவர் தெய்வசிகாமணி. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற மனுசன். கிட்டுச்சாமியின் புளுகுக்கு இந்தப் பக்கத்தில் ஒரே எதிரி அவர்தான்.

கிட்டுச்சாமி காதிலேயே வாங்கவில்லை. "வலி வந்த புதுசுல ஒரு டாக்டர்கிட்டப் போனனுங். முட்டியில சின்னச் சுத்தியல்ல தட்டுவாங்கல்ல? தட்டுனாரு. என்ற கால் உதைச்ச உதையில சுத்தியல் அவுரு கையை விட்டுக் கெளம்பி, ஜன்னல் வழியாப் போயி, எதிர்த்தாப்புல கட்டிட்டிருந்த வீட்டுல ஆணி அடிச்சுட்டு நின்னுச்சுங்."

"ஒரு ஆணியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கதவு நெலவு மொத்தமும் அடிச்சு முடிச்சுருச்சுங். அந்த வீட்டு மேஸ்திரி ஓடி வந்து, 'நாளைக்கு மாடியில வேலை இருக்குது, காலையில வந்துருங்க'ன்னு என்னையக் கூப்புட்டாரு."

கூட்டம் சிரித்தது. தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. "அது ரப்பர் சுத்தியலுங். ரப்பர்ல அடிச்சா ஆணி எறங்குமா?"

"அடிக்கவே இல்லைங்களே. வர்ற வேகத்தைப் பாத்துட்டு ஆணி தானா எறங்கிக்கிச்சு."

சிரிப்புச் சத்தத்தில் கிட்டுச்சாமி மெதுவாக ஒரு புட்டத்தை நகர்த்திப் பார்த்தார். சுள்ளென்று சுண்டுவிரல் வரைக்கும் போய் வந்தது. இன்னும் விடவில்லை. பக்கத்தில் தைல வாசனை வேறு கும்மென்று அடித்தது. காலையில் கொஞ்சமாகத்தானே தேய்த்தோம், இப்படிக் காட்டிக் கொடுக்கிறதே என்று பயந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சரி, எந்திரிங்க" என்றார் டீச்சர்.

"அந்த வலி என்ன பண்ணுச்சுன்னு கேளுங் டீச்சர். ஒரு நா எங்க வீதியில கரண்டு போயிருச்சு. மாவாட்டற நேரம். எங்க சரசா கிரைண்டர் முன்னால கன்னத்துல கைய வெச்சு உக்காந்துட்டா. எனக்கோ இடுப்புல இருந்து குதிங்கால் வரைக்கும் விர்ருனு இழுக்குது. நான் யாருங்? காயில் கட்டறவன். ரெண்டு ஒயரை எடுத்துக் குதிங்கால்ல ஒண்ணு, பெருவெரல்ல ஒண்ணு சுத்தி கிரைண்டர்ல குடுத்தேன். கடகடன்னு ஓடுது!"

"கெட்டுது போ!" என்று யாரோ சிரித்தார்கள்.

"கேளுங். சரசா மாவைத் தொட்டுப் பாத்துட்டு, 'சித்த நல்லா வலிக்க வைங்க மாமா, உளுந்து இன்னும் நைசாகலை'ங்கறா. புருசன் வலியில கத்தறேன், அவளுக்கு உளுந்து! அப்புறம் வீதியே போனைத் தூக்கிட்டு சார்ஜ் போட வந்துருச்சு. லைன்மேன் வந்தவரு என்ற பெருவெரல்ல டெஸ்டரை வெச்சுப் பாத்துட்டு, செருப்பைக் கழட்டி உட்டுட்டுக் கும்புட்டுட்டுப் போனாரு."

கூட்டத்தில் ஒருத்தருக்கு டீ புரையேறியது. மூணு நாலு பேர் சிரித்துக்கொண்டே கையை ஊனாமல் எந்திரித்து, நாங்கள் பாஸ் என்று டீச்சரிடம் காட்டிவிட்டு சைக்கிள் பக்கம் நகர்ந்தார்கள். பெஞ்சு காலியாகிக்கொண்டு வந்தது. 

அந்த நேரம் பார்த்து, "உக்காருங்கப்பா எல்லாரும்!" என்று ஒரு அதட்டல். தெய்வசிகாமணிதான். "இந்த மனுசனை இப்புடியே உட்டுட்டுப் போனா நாளைக்கு ஊட்டிக்கே கரண்டு குடுத்தேன்னு சொல்வாரு. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லட்டும். அவ்வளவு கரண்டு கால்ல ஓடுனா, நடக்கறப்ப தரையில எர்த் ஆகாதுங்களா?"

"அதுக்குத்தானுங் நான் செருப்பைக் கழட்டறதே இல்லை" என்றார் கிட்டுச்சாமி, மூச்சு வந்தவராக. இந்த ஆள் எதிரியா, குலசாமியா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது. புளுகு பிடிக்காத மனுசன் எதற்குக் கூட்டத்தை நிறுத்தி வைக்கிறார்? தெய்வசிகாமணியோ, "ஏப்பா, கல்லா மேல என்ற டீ இருக்குது, சித்த எடுத்துக் குடு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, "ம்ம், மேல சொல்லுங்" என்றார்.

மேலே சொல்லுங்கள் என்று தெய்வசிகாமணியே கேட்டுவிட்டார்! கிட்டுச்சாமிக்கு வலி பாதி மறந்து போனது.

"அப்புடியாப்பட்ட காலோட ஒரு நா தனியாக் கோத்தகிரி மெதிச்சனுங். நான் எங்கீங் மெதிச்சேன்? வெட்டி வெட்டி இழுக்கற கால் தானா மெதிச்சுது. மேட்டுப்பாளையத்துல பஸ்ஸுக்குப் பின்னால கெளம்புனேன். ரெண்டாவது வளைவுல பஸ்ஸைத் தாண்டிட்டேன். கண்டக்டர் எட்டிப் பாத்து, 'அண்ணா, கோத்தகிரியில சொல்லுங்க, நாங்க வர லேட்டாகும்'னாரு. ஏழாவது வளைவுல பாக்கறேன், பின்னால ஆரோ வர்றாப்புல இருக்குது. திரும்பிப் பாத்தா என்ற நெழலுங். மூச்சு வாங்கிட்டு வருது. பாவம்னு நின்னு தண்ணி குடுத்தேன்."

"நெழலுக்கா?"

"பின்ன? ஏறி வந்த களைப்பு அதுக்கும் இருக்கும்ல? அப்புறம் கோத்தகிரி வந்துச்சு. பிரேக்கைப் புடிக்கறேன், கால் நிக்க மாட்டேங்குது. மலை முடிஞ்சு போச்சு, நான் முடியலை. அதுக்கு மேல மேகத்துல ஒரு பர்லாங்கு மெதிச்சுட்டேன். ரோடு நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் ஈரம். கீழ இருக்கற தேயிலைத் தோட்டத்துல பொம்பளைங்க எல்லாம் நெத்தியில கைய வெச்சு மறைச்சுட்டு மேல பாக்கறாங்க."

"அந்த ஈரத்துல டயர் வழுக்கலீங்களா?" என்றார் தெய்வசிகாமணி. மற்ற நாளாக இருந்தால் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

"காத்தைக் கொஞ்சம் எறக்கி உட்டுட்டனுங்."

டீச்சர் விசிலைக் கையில் எடுத்துவிட்டார். விசில் ஊதினால் தீர்ந்தது. கிட்டுச்சாமி கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"எறங்கி வாரப்பதானுங் அந்த ஆனையைப் பாத்தேன்!"

விசில் வாய்க்குப் போகாமல் நின்றது.

"நட்ட நடு வளைவுல நிக்குது. பின்னங்கால் ஒண்ணை மட்டும் தரையில ஊனாம, முகத்தைச் சுளிச்சுட்டு நிக்குது. பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. சயாட்டிகா! மனுசனுக்கே இந்தப் பாடுன்னா, அந்த ஒடம்புக்கு நரம்பு எத்தனை நீளம்னு நெனைச்சுப் பாருங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சைக்கிளைச் சாத்தி வெச்சுட்டு ரோட்டுலயே மல்லாக்கப் படுத்து, இடுப்பைத் தூக்கி எறக்கற பயிற்சியை செஞ்சு காட்டுனேன். ஆனையும் ரோட்டுக்கு அக்கட்டால மல்லாக்கப் படுத்துச்சு. இடுப்பைத் தூக்குச்சு. 'மூச்சை இழு, விடு'ன்னேன். விட்டுச்சு. ரோட்டோர மரமெல்லாம் சாஞ்சு நிமுந்துச்சு. மூணாவது தடவை தூக்குனப்ப 'கடக்'னு ஒரு சத்தம். குன்னூர்ல இடின்னு நெனைச்சுக் காயப்போட்ட துணியை எல்லாம் எடுத்துட்டாங்களாம்."

யாரும் சைக்கிள் பக்கம் போகவில்லை. சுப்பணன் கூட பன்னு தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். கிட்டுச்சாமிக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். நிறுத்துகிற ஆளா அவர்?

"வலி போன சந்தோசத்துல ஆனை என்னையத் தும்பிக்கையில தூக்கிக் குப்புறப் படுக்க வெச்சுது. ஒத்தை நகத்தை மட்டும் என்ற இடுப்புல வெச்சு ஒரு அமுத்து. அம்புட்டுத்தான்! அன்னையோட என்ற வலி போன எடம் தெரியலீங். அரை அடி வளந்து போயி, சைக்கிள் சீட்டை ஒசத்திப் போட வேண்டியதாப் போச்சு."

"இப்ப அந்த அரை அடி எங்கீங்?" என்றார் தெய்வசிகாமணி.

"திரும்பி வர்றப்ப மழையில நனைஞ்சு சுருங்கிப் போச்சு."

கைதட்டல் காதைப் பிளந்தது. டீச்சரும் தட்டினார். தட்டி முடித்துவிட்டு, "அப்ப இப்ப வலியே இல்லைங்கறீங்க" என்றார்.

"துளி இல்லீங்!"

"ரொம்பச் சந்தோசமுங். கையை ஊனாம எந்திரிங்க."

 கிட்டுச்சாமி பெஞ்சைப் பார்த்தார். கைதட்டின வேகத்தில் மற்ற எல்லாரும் எந்திரித்துவிட்டார்கள். இந்தக் கடைசியில் அவர், அந்தக் கடைசியில் தெய்வசிகாமணி, நடுவில் ஒரு காலி டீக்கிளாஸ்.

"பெரியவங்க அவுரு இருக்கறப்ப நான் முந்திக்கறது மரியாதையா? அவுரு மொதல்ல எந்திரிக்கட்டுமுங்."

"மரியாதையெல்லாம் வேண்டாமுங்" என்றார் தெய்வசிகாமணி அவசரமாக. "கதை சொன்னவரே மொதல்ல."

"அட, நீங்க எந்திரிங்க."

"நீங்க எந்திரிங்கன்னா!"

கிட்டுச்சாமி அப்போதுதான் அந்த மனுசனை நன்றாகப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு தொடையை இறுக்கிப் பிடித்திருந்தார். சுவரோரம் நின்ற அவர் சைக்கிளின் ஹேண்டில்பாரும் ரெண்டு விரக்கடை உயர்ந்திருந்தது. கும்மென்று அடித்த அந்தத் தைலம் தன்னுடையது இல்லை என்று கிட்டுச்சாமிக்கு விளங்கியது. அடப் பாவி மனுசா, நீயுமா! இத்தனை கேள்வியும் அதுக்குத்தானா! அவருக்குச் சிரிப்பும் வந்தது, அந்த ஆள் மேல் ஒரு பாசமும் பொங்கிக்கொண்டு வந்தது.

தெய்வசிகாமணி தொடையை விட்டுக் கையை எடுத்தார். பிறகு, வாழ்நாளில் ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசாத அந்த மனுசன் வாயைத் திறந்தார்.

"டீச்சர், ஆனை கதை நெசந்தானுங்."

"என்னங் சொல்றீங்க?"

"நான் பாத்தேன். அதுக்கு அடுத்த வளைவுல நின்னுட்டிருந்தேன். என்ற இடுப்புலயும் ஒரு நகம் வெச்சுது. வெச்சுட்டு ஒரு பத்தியமும் சொல்லுச்சுங். மலை ஏறுறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு."

கிட்டுச்சாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எத்தனையோ புளுகு புளுகியிருக்கிறார், இவ்வளவு அழகான புளுகை அவர் கேட்டதில்லை. "ஆமாங் டீச்சர், பத்தியம்! பேச்சு வாக்குல மறந்தே போயிட்டனுங்!"

கலாமணி டீச்சர் ரெண்டு பேரையும் பார்த்தார். சுவரோரம் நின்ற ரெண்டு ஹேண்டில்பாரையும் பார்த்தார். விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"பத்தியத்தைக் கெடுக்க வேண்டாமுங். சுப்பணா, அடுத்த ஞாயிறு இந்தப் பெஞ்சைத் தூக்கி டெம்போவுல போட்டுருங்க, ரெண்டு பேரும் உக்காந்த எடத்துலயே வரட்டும். வழியில அந்த ஆனை கை காட்டுச்சுன்னா நடுவுல எடம் உட்டு ஏத்திக்குங்க. வாழைத்தார் மேல மட்டும் கை வெக்க உட்டுறாதீங்."