சாமியைச் சுமந்தவர்கள்

மடத்துத் தலைவர் மருதவாண சாமி வழுக்கி விழுந்தது மார்கழி மாதத்தில். அன்று விடியற்காலையில் மடத்து முற்றத்தைக் கழுவி விட்டவர் நெல்லைநாயகம். தண்ணீரைத் தள்ளி விடுவதற்குள் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. துடைப்பத்தைச் சாத்திவிட்டு உள்ளே போனார். அந்த நேரம் பார்த்துச் சாமி குளிக்கப் போக முற்றத்தில் இறங்கினார்.

சாமிக்கு எழுபத்தொன்பது வயது. நெல்லைநாயகத்துக்கு அறுபத்திரண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு மடத்தோடு வந்துவிட்ட மூத்த சீடர். சாமியைத் தூக்கி வண்டியில் ஏற்றும்வரை அவர் வாயில் ஒரே சொல்தான் இருந்தது.

"தண்ணியை விட்டது நான்தான் சாமி. நான்தான் சாமி."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகினார்கள். மறுநாளே டாக்டரம்மா வந்து, "எழுப்பி நிக்க வைங்க. மெல்ல மெல்ல நடக்க விடுங்க. படுக்க வச்சிராதீங்க" என்றார். பிடித்து நடக்க ஒரு வாக்கரும் வாங்கச் சொன்னார்.

நெல்லைநாயகம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாக்கரும் வாங்கினார். மடத்துக்கு வந்ததும் அதை மூலையில் வைத்தார். நாலாம் நாள் அதன்மேல் காவி வேட்டிகள் காயத் தொடங்கின.

சாமியை நடக்க விட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை தன்னால் விழுந்தவர் இன்னொரு தடவை விழுந்துவிட்டால்?

ஆகவே சுமந்தார். கட்டிலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து பூசை அறைக்கு, பூசை அறையிலிருந்து கட்டிலுக்கு. அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். குருவைச் சுமப்பதென்றால் சும்மாவா? பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அரிசிக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பெண் கொடுத்த இடத்தில் சண்டை என்று ஒருவர் வந்தார், சாமியைச் சுமந்தால் தீருமாம். கண்டக்டர் அல்லவா, நெல்லைநாயகம் ஒரு தாளில் முறை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். முறை தவறிப் போனவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

முதல் மாதத்தில் சாமி ஒரு நாள் கேட்டார்.

"நாயகம், இன்னைக்கு நாலு எட்டு வச்சுப் பாப்பமா?"

"நாளைக்குப் பாப்பம் சாமி. தரை ஈரமா இருக்கு."

தரை காய்ந்துதான் இருந்தது. சாமி அதைப் பார்த்தார். கையைத் தூக்கி நெல்லைநாயகத்தின் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பங்குனியில் சாப்பாடு குறைந்தது. சித்திரையில் முதுகில் புண் வந்தது. ஆனியில் நெஞ்சில் சளி கட்டி, பாடம் சொல்லும்போது பாதியில் இருமினார். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளில் அடுத்த அடி என்ன என்று சீடர்களைக் கேட்டார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு மேட்டில் ஏறி வந்த மனிதர் அவர். அது யாருக்கும் நினைவில் இல்லை.

ஆவணியில் குருபூசை வந்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குருபூசையன்று காலையில் மடத்துத் தலைவர் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பின்வாசலிலிருந்து நெல்லித் தோப்பு வழியாகத் தன் குருவின் சமாதிக்குத் தனியாக நடந்து போக வேண்டும். அறுபது எட்டு வைக்கும் தூரம் இருக்கும். தம் காலால் போய்த் தம் கையால் ஊற்ற வேண்டும். மற்றவர்கள் பின்வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். மருதவாண சாமி நாற்பத்தொரு வருஷமாக ஊற்றியவர்.

பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது, சாமி சமாதிக்கு நடக்கலாமா என்று கேட்க நெல்லைநாயகம் டாக்டரம்மாவை மடத்துக்கே அழைத்து வந்தார். டாக்டரம்மா சாமியின் போர்வையை விலக்கினார். தொடையில் சதையே இல்லை. கெண்டைக்காலை அவருடைய ஒரு கைக்குள் பிடிக்க முடிந்தது.

"இவுக நடந்து எத்தனை நாளாச்சு?"

"நடக்கவே விடலியே டாக்டரம்மா. இந்த எட்டு மாசத்துல காலைத் தரையில பட விட்டதில்ல. ஒரு தடவைகூட விழலை" என்றார் நெல்லைநாயகம். சொல்லும்போது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. வெளியே கூட்டி வந்து சொன்னார்.

"எலும்பு எப்பவோ கூடிட்டுங்க. அது நல்லாத்தான் இருக்கு. எட்டு மாசம் படுத்தா நானே நடக்க மாட்டேன். இந்த வயசுல போன சதை லேசுல திரும்பாது. பழகிப் பாருங்க. ஆனா பழையபடி நடப்பாகன்னு நான் சொல்ல மாட்டேன்."

நெல்லைநாயகம் அன்று சாப்பிடவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவுமில்லை. மறுநாள் தச்சரை வரவழைத்து, ஒரு நாற்காலிக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டச் சொன்னார்.

குருபூசை காலையில் நாலு பேர் அந்த நாற்காலியைத் தூக்கினார்கள். சாமியின் மடியில் செம்பு இருந்தது. அதுவரை பின்வாசலைத் தாண்டாத சீடர்கள் அன்று தோப்புக்குள் நடந்தார்கள். நாற்காலிக்கு மாலை போட்டிருந்தார்கள். யாரோ சங்குகூட ஊதினார்கள்.

சமாதிக்குப் பன்னிரண்டு எட்டு இருக்கும்போது சாமி சொன்னார்.

"இறக்கு."

"இன்னும் கொஞ்ச தூரந்தான் சாமி."

"இறக்கு நாயகம்."

இறக்கினார்கள். சாமி நெல்லைநாயகத்தின் தோளைப் பிடித்து எழுந்தார். நின்றார். முழங்கால் இரண்டும் நடுங்கின. ஒரு காலைத் தூக்கப் பார்த்தார், அது எழும்பவில்லை. அப்படியே மடிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நாலு பேரும் பதறி ஓடி வந்தார்கள்.

"தொடாதீங்க" என்றார் சாமி.

பிறகு இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகரத் தொடங்கினார். ஒரு கையால் செம்பை முன்னே வைப்பார், பிறகு உடம்பை இழுத்துக்கொள்வார். செம்பு சாய்ந்து தண்ணீர் சிந்தியது. காவி வேட்டி மண்ணாயிற்று. நாலு எட்டு தூரத்துக்கு அரை மணி நேரம் ஆனது. இருமல் வந்தது. நிறுத்தினார். மறுபடி நகர்ந்தார். எட்டாவது எட்டில் கை மடங்கிவிட்டது.

சமாதி நாலு எட்டு தள்ளி இருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் அழுதார்கள். 

"என்னால முடியலை. நீ ஊத்திரு" என்று சாமி செம்பை நீட்டினார்.

நெல்லைநாயகம் வாங்கிக்கொண்டு போய் ஊற்றினார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. திரும்பி வந்து சாமியின் முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தார். மற்றவர்களைப் போகச் சொன்னார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நாங்க எதுல தவறினோம்? ராப்பகலா தாங்கினோம். ஒரு நாளாவது உங்களைக் கீழ விட்டோமா?"

"விடலை."

"பிறகு ஏன் சாமி இப்படி ஆச்சு?"

சாமி உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தோல் உரிந்திருந்த இடத்தில் மட்டும் மண் போகவில்லை.

"டாக்டரம்மா சொன்னாவ. நான்தான் கேக்கலை" என்றார் நெல்லைநாயகம். "அன்னைக்கு முத்தத்துல தண்ணியை விட்டதும் நான்தான். பிறகு உங்க காலை எடுத்ததும் நான்தான். ரெண்டு தடவையும் நான்தான் சாமி."

"உன்னை மட்டும் சொல்லாத."

"வேற யாரு?"

"தரை காஞ்சிருந்துச்சு. ஈரம்னு சொன்ன. எனக்குத் தெரியும். காஞ்சிருக்குன்னு நான் சொல்லியிருக்கலாம்லா?"

"ஏன் சாமி சொல்லலை?"

"பயம்."

நெல்லைநாயகம் நிமிர்ந்து பார்த்தார். பத்தொன்பது வருஷமாகப் பாடம் கேட்கிறார், சாமி தன்னைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"விழுந்த அன்னைக்கு வந்துச்சு. காலைக் கீழ வச்சாலே திக்குன்னு இருக்கும். உன் தோள்ல ஏறினா அது இருக்காது. சரி, பயம் போயிட்டுன்னு நினைச்சேன் நாயகம். போனது காலு."

தோப்பில் எங்கோ ஒரு நெல்லிக்கிளையில் அணில் கத்தியது. வெயில் ஏறிவிட்டது. நெல்லைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பழக்கத்தில், சாமியைத் தூக்கக் குனிந்தார். பாதியில் கை நின்றுவிட்டது. தூக்குவதா, விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும் சாமி?"

"இப்பத் தூக்கிட்டுப் போ. நாளைக்குக் காலையில நிக்க வை."

"டாக்டரம்மா, பழையபடி நடக்க முடியாதுன்னுட்டாவ."

"எனக்குத் தெரியும். நிக்க வை."

"விழுந்துருவீங்களே சாமி."

"விழுந்த பிறகு தூக்கு" என்றார் சாமி.