மிராசுதார் வளர்த்த தோட்டம்

அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே மருக்கொழுந்தும் ஈரமண்ணும் சேர்ந்து மணக்கும். வாசலுக்கு வாசல் பூத்தொட்டி. மிராசுதார் சேதுரங்கம் வீட்டு முற்றம் மட்டும் மொட்டை. கிணற்றுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் வீட்டு வேலைக்காரி ஆவுடையைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு நம்ம பொண்ணைப் பார்க்க வாராக. மாப்பிள்ளையோட அம்மாவுக்குத் தோட்டம்னா உசிரு. விடியறதுக்குள்ள முற்றம் பூத்துக் குலுங்கணும். இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை. கிணத்துல மட்டும் கை வைக்காதே!”

“ஆகட்டும் எசமான். சாயங்காலம் செடிக்குத் தண்ணி ஊத்த ஆளுக வந்தா, வாசக்கதவை அடைச்சிராதீக.”

“அவுக வீட்டுத் தண்ணின்னா தாராளமா வரட்டும்!”

மறுநாள் முற்றம் கொள்ளாத தொட்டிகள். உயரமான செம்பருத்தி சுவரோரம், நடுவில் கனகாம்பரம், காலடியில் டேபிள் ரோஸ். மாப்பிள்ளையின் அம்மா சொக்கிப்போனாள்.

“எல்லாம் நானே வளர்த்தது,” என்றார் சேதுரங்கம்.

பொழுது சாய்ந்தது. தெருப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அவரவர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, பூவைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு, தொட்டியை இடுப்பில் தூக்கிக் கிளம்பிவிட்டார்கள். முற்றம் பழையபடி மொட்டை.

“ஏம்மா, இதுல உங்க எசமான் வளர்த்தது எது?” என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

“அது கிணத்துக்குள்ள இருக்கும்மா,” என்றாள் ஆவுடை. “ஒரு சொட்டுக் குறையாம வளர்த்து வச்சிருக்காக.”

கல்யாணம் பேசி முடித்தபோது சம்பந்தியம்மா சீராகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கிணற்றுக் கயிறு இனி ஆவுடை கையில் இருக்கவேண்டும். அப்புறம் அந்த முற்றத்து மல்லிகை மணம் தெருமுனை வரைக்கும் வந்து எங்களைக் கூப்பிடும்.