எஸ்தர் அக்கா குடுத்த புழு

ஒரு ஊர்ல ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. அதுல ரெண்டாவது மாடியில குமுதவல்லின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாததும் தெரியும். நீ ம் சொல்லிட்டே வரணும் கண்ணு, சரியா?

ம்.

அவளுக்கு நேர் கீழ, முதல் மாடியில எஸ்தர் அக்கா. அவங்க பால்கனியில ஒரு பெரிய வாளி. திறந்தா மழை பேஞ்ச மண்ணு வாசம். உள்ள செக்கச்செவேல்னு புழு, நெளிநெளின்னு. காய்த்தோலைப் போட்டா சத்தமே இல்லாம தின்னு உரமாக்கிடும். அந்த உரத்துல அக்கா வீட்டு ரோஜா ஒவ்வொண்ணும் இவ்ளோ பெருசு.

குமுதவல்லி பார்த்தா. "எனக்கும் ஒரு வாளி வைக்கணும்க்கா."

"வாளிக்கு அடியில ஓட்டை போடு. தேங்காய் நார் பரப்பு. பேப்பரைக் கிழிச்சு, நனைச்சு, பிழிஞ்சு மேல போடு. அப்புறம் வா, புழு தரேன்."

"தெரியும்க்கா, தெரியும்."

அப்புறம் ஒரு பழைய பெயிண்ட் வாளி எடுத்தா. நார் போட்டா, பேப்பர் போட்டா, ஓட்டை மட்டும் போடல. டைல்ஸ் அழுக்காயிடுமாம்! எஸ்தர் அக்கா கொட்டாங்குச்சி நிறைய புழு குடுத்தாங்க. அப்போ என்னாச்சு? அவ போட்ட காய்த்தோல்லேர்ந்து தண்ணி விட்டு, அடியில சளக் புளக்னு தேங்கிச்சு. புழுவெல்லாம் மூழ்கிப் போச்சு.

"என்னாச்சு குமுதா?"

"குருவி கொத்திட்டுப் போயிடுச்சுக்கா."

ஏன் பொய் சொன்னாளா? வெக்கம், கண்ணு. தெரியும் தெரியும்னு சொல்லிட்டாளே.

ம்.

அப்புறம் கதவைச் சாத்திட்டு, கம்பியைக் காய்ச்சி, சுர்ர்ர்னு ஓட்டை போட்டா. அக்கா மறுபடியும் புழு குடுத்தாங்க. "வெறும் தோலு போதும் குமுதா, சோறு கீறு போட்டுடாத." அப்போ ஆடி வெள்ளி வந்துச்சு. வீட்டுல புளியோதரை. "நம்ம வீட்டுக்கு வந்த உயிரு, நல்ல நாளும் அதுவுமா வெறும் தோலா தின்னும்?"னு ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டா. புளி, உப்பு, மிளகாய்! புழு உடம்பு எவ்வளவு மெல்லிசு, எரியாதா? துடிதுடின்னு துடிச்சு அடங்கிடுச்சு.

"பூனை தள்ளிவிட்டுடுச்சுக்கா"ன்னா குமுதவல்லி.

எஸ்தர் அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாங்க. மூணாவது தடவையும் குடுத்தாங்க. "எங்கிட்டயும் கொஞ்சந்தான் மிச்சம். பார்த்துக்க."

ஆனா புளியோதரை மிச்சம் வாளி ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எறும்பு சாரை சாரையா வந்துச்சு. அப்போ அவ எறும்புப் பொடியை எடுத்து வாளிக்குள்ளயே புஸ் புஸ்னு தூவிட்டா. எறும்பும் போச்சு, புழுவும் போச்சு. நாத்தம் மாடிப்படி முழுக்க.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

ஞாயித்துக்கிழமை காலையில, கீழ கார் நிறுத்துற இடத்துல எல்லாரும் கூடினாங்க. செக்ரட்டரி சேஷாத்ரி மூக்கைப் பொத்திக்கிட்டு, "எந்த வீட்டு நாத்தம் இது?"ன்னார்.

எல்லாரும் குமுதவல்லியைத் திரும்பிப் பார்த்த மாதிரி அவளுக்கு இருந்துச்சு. வாய் முந்திக்கிச்சு. "எஸ்தர் அக்கா வாளிதான் சார். எனக்கு அவங்க குடுத்ததே நோய்ப்புழு."

"என் வாளி நாறாது சார்"னாங்க எஸ்தர் அக்கா.

"அதெல்லாம் வேணாம்மா. இன்னிக்கே கொண்டுபோய்க் கொட்டிடுங்க."

எஸ்தர் அக்கா மேல போனாங்க. வாளியைப் படிப்படியா இறக்கினாங்க. தட்... தட்... தட்... ஒவ்வொரு தட்டும் குமுதவல்லி நெஞ்சுல விழுந்துச்சு.

அக்கா கீழ வந்துட்டாங்க. "அக்கா"ன்னா குமுதவல்லி. அக்கா கேட்டைத் தாண்டிட்டாங்க. "அக்கா, நான் தூக்கட்டுமா?" அக்கா திரும்பல. குப்பைத்தொட்டி ஓரம் நின்னு வாளியைச் சாய்க்கப் போனாங்க. அப்போ குமுதவல்லி ஓடிப்போய் வாளியைப் பிடிச்சுக்கிட்டா.

"உங்க புழுவுக்கு நோய் இல்லக்கா. நாறுறது என் வாளி. மூணு தடவையும் நான்தான் கொன்னேன்."

எல்லார் காதுலயும் விழுந்துச்சு. "எல்லாம் தெரியும்னாளே!"ன்னு யாரோ கிளுக்குனு சிரிச்சாங்க. முகம் தீயா எரிஞ்சுது.

"எனக்குத் தெரியும் குமுதா"ன்னாங்க அக்கா. "எறும்புப் பொடி வாசம் எனக்கு வராதா?"

"அப்போ ஏன்க்கா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

ம்... அப்புறம்?

அப்புறம் குமுதவல்லி வாளியை இடுப்புல வெச்சுக்கிட்டு மாடி ஏறினா. எஸ்தர் அக்கா பின்னாலயே வந்தாங்க. அக்கா வீட்டு பால்கனியில வெச்சா. வாசலுக்கு வந்தா. கதவு டப்னு சாத்திக்கிச்சு.

அவ அங்கயே நின்னா. உள்ளேர்ந்து அக்கா குரல் வந்துச்சு. "சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

கதவு திறக்கல. "போய் சாப்பிடு."

அவ்வளவுதான் கண்ணு. வாளியில புழுவெல்லாம் இருட்டுக்குள்ள சுருண்டாச்சு. நீயும் சுருண்டுக்கோ.