பிரதானி கேட்ட இரண்டு ஜன்னல்

முன்னொரு காலத்தில், சாப்பாடு செரிக்காத நாட்களில் சட்டம் போடும் பழக்கமுள்ள ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் பலாப்பழம் அதிகமாகிப் போய், ஏழைகளுக்குக் கஜானாவிலிருந்து எது செலவழிப்பதானாலும் நகரசபை சம்மதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். சபையாரின் சொந்த வசதிக்கு மட்டும் யார் சம்மதமும் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து ஆறு பெருகி, சுண்ணாம்புக் காளவாய்க்காரர்களின் குடிசைகளை அடித்துக்கொண்டு போயிற்று. அவர்கள் கோயில் தேர்க்கொட்டகையில் சக்கரங்களுக்கு நடுவே ஒண்டினார்கள். தேரோட்டத்துக்குள் காலி செய்தாக வேண்டும்.

கைக்குழந்தையோடு நின்ற செல்லக்கண்ணு, அரண்மனை விகடகவி சுக்கனிடம் கேட்டாள்: "தேரு கெளம்பினா நாங்க எங்க சாமி போறது? அது பின்னாலயே சுத்தி வரவா?"

சுக்கன் அதை அப்படியே ராஜாவிடம் சொன்னான். அவன்மேல் பொறாமை கொண்ட, நகரசபைக்கும் தலைவரான பிரதானி திருமேனியார் இதற்காகத்தான் காத்திருந்தார்.

"மகாராஜா, இவ்வளவு இரக்கமுள்ளவர் தேரோட்டத்துக்குள் இவர்களுக்கு வீடு தரட்டும். தராவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும்."

சபையில் பாதிப்பேர் திருமேனியாரின் சம்பந்திகள். தேரோட்டம்வரை பேச்சை இழுத்தால் போதும் என்று அவர் நினைத்தார். ராஜா தலையாட்டிவிட்டார். சுக்கன் ஒன்றே ஒன்று கேட்டான்: விவாதம் வீடு கட்டவேண்டிய மேட்டிலேயே நடக்கட்டும், முடிவு வரும்வரை சபையார் அங்கேயே தங்கட்டும். அதற்கும் ராஜா சம்மதித்தார்.

வெயில் அடித்தது, சபையார் பந்தல் கேட்டார்கள். மழை வந்தது; ஓட்டுக்கூரை கேட்டார்கள். சபையாரின் வசதி ஆயிற்றே! சுக்கன் காளவாய்க்காரர்களையே கூலிக்கு அமர்த்திக் கட்டிக் கொடுத்தான். ஒருவர் குறட்டையில் இன்னொருவருக்குத் தூக்கமில்லை என்று குறுக்கே சுவர்கள் எழும்பின. வாசலில் யார் முதலில் நுழைவது என்ற தகராறில் ஆளுக்கொரு வாசல் வந்தது. ஒருவர் வீட்டுச் சமையலை மற்றவர் தொடமாட்டார். ஆளுக்கொரு அடுப்படியும் ஆயிற்று. திருமேனியார் மட்டும் தம் கௌரவத்துக்கு இரண்டு ஜன்னலும் புழக்கடையில் ஒரு கிணறும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தேருக்கு முந்தின நாள் ராஜா வந்தார். திருமேனியார் எழுந்து, ஏழைகளுக்கு வீடு கட்டக் காசு தருவதில்லை என்று சபை ஏகமனதாக முடிவெடுத்திருப்பதை அறிவித்தார்.

"நல்ல முடிவு மகாராஜா" என்றான் சுக்கன். "காசு இனி எதற்கு? விவாதம் முடிந்தது, சபையார் கிளம்பலாம். அவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டச் சொன்னதெல்லாம் இனிச் சும்மாதானே கிடக்கும்?"

ராஜா அந்தக் கோடிவரை எட்டிப் பார்த்தார். கூரை, சுவர், வாசல், அடுப்படி. ஒரு தெருவே நின்றது. அன்று மாலையே காளவாய்க்காரர்கள் குடியேறினார்கள். இரண்டு ஜன்னல் வீட்டில் செல்லக்கண்ணு தூளி கட்டினாள்.

"இது மோசடி. விசாரணை வேண்டும்" என்று திருமேனியார் குதித்தார்.

சுக்கன் பணிவாகக் கைகட்டினான். "அவசியம் விசாரிக்கட்டும் மகாராஜா. இன்னும் சில குடும்பங்களுக்கு வீடு போதவில்லை. எதிர்ச்சாரி காலியாகத்தான் இருக்கிறது. சபையை அங்கே கூட்டுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் அவர் முத்துமாலையே நழுவி விழுந்தது. அதை எடுத்துச் சுக்கன் கழுத்தில் போட்டுவிட்டு, விசாரணைக்கு அங்கேயே உத்தரவிட்டார்.

அடுத்த தேருக்குள் எதிர்ச்சாரியும் நிறைந்துவிட்டது.