மன்னர் முடி வெட்டிக்கொண்ட கதை

முன்னொரு காலத்தில், கத்தரிக்கோலைக் கண்டால் அரசர்களே நடுங்கிய ஒரு தேசம் இருந்தது. பிராங்கியர் தேசம். அங்கே மெரோவிங்கியர் குலத்தில் பிறந்தவர்தான் ஆளலாம். அவர்கள் தலையில் கத்தரி படவே கூடாது. பட்டால் போச்சு! அன்றோடு பட்டம் பறிபோகும். மடத்துக்குப் போய்த் துறவியாகக் காலந்தள்ள வேண்டியதுதான்.

அப்படி ஆண்டவர் கில்டோமார் மன்னர். பெயருக்குத்தான் மன்னர், அதிகாரமெல்லாம் அரண்மனைத் தலைவன் ராகன்பால்ட் கையில். அந்தப் பெயர் மட்டும் மன்னருக்கு எதற்கு என்று அவனுக்கு உறுத்தல்.

ஒரு கோடையில் இடுப்பளவு கூந்தலில் பேன் புகுந்து மன்னரைப் பாடாய்ப் படுத்தியது. சபையிலேயே தலையைச் சொறிந்தார்.

"பாவம், தம் தலைமீதுகூட மன்னருக்கு அதிகாரமில்லை" என்று ராகன்பால்ட் உச்சுக்கொட்டினான்.

மன்னருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருக்கு அதிகாரமில்லை? பொழுது சாய்வதற்குள் என் முடியை நானே வெட்டி எறிகிறேன்! இது என் குலத்தின்மேல் ஆணை!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. வெட்டினால் பட்டம் போகும். வெட்டாவிட்டால், ஆணை தவறியவர் என்று அப்போதும் போகும். ராகன்பால்டோ அதற்குள் வெள்ளித்தட்டில் கத்தரிக்கோலையும் துறவியின் அங்கியையும் வரவழைத்துவிட்டான். முன்பே எடுத்து வைத்திருந்தான் போலும்!

இதையெல்லாம் சபையின் விகடகவி பெப்போ பார்த்துக்கொண்டிருந்தான். ராகன்பால்டை அவன் கேலி செய்யாத நாளில்லை. மன்னர் போனால் அடுத்து அவன் தலைதான். அதைவிட, இந்த வெகுளி மன்னரை அவனுக்கு மனசாரப் பிடிக்கும். ஓட்டமாக ஓடிக் கொல்லனிடமிருந்து ரம்பம் வாங்கி வந்தான். மன்னர் தலையிலிருந்த பொன்முடியை இறக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பிரபு, முடியை வெட்டுங்கள்."

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்து அறுத்தார். பொன்முடியின் ஒரு கிளை துண்டாக வந்தது.

"இது என்ன கூத்து? மன்னர் சொன்னது தலைமுடியை!" என்று கத்தினான் ராகன்பால்ட்.

"முடி என்றுதானே சொன்னார்? முடிசூட்டு விழாவில் நீங்கள் அவருக்குச் சூட்டியது கூந்தலையா, இதையா?"

சபை கொல்லென்று சிரித்தது. மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், தம் ஆட்சியில் முதன்முறையாக, யாரையும் கேட்காமல் ஓர் உத்தரவு போட்டார்: "அந்த அங்கி ராகன்பால்டுக்குச் சரியாக இருக்கும். மாட்டி அனுப்புங்கள்."

காவலர்கள் அவனைக் கூட்டிப்போனார்கள்.

"வெட்டியாயிற்று. இனி எறிய வேண்டாமா?" என்ற மன்னர், பொன்துண்டைப் பெப்போவை நோக்கி வீசினார். "உன் பரிசு, பிடி!"

பெப்போ அதைப் பிடித்துத் தன் பளபளக்கும் வழுக்கையில் வைத்துக்கொண்டான். "பிரபு, எத்தனை தைலம் தடவியும் முளைக்காத முடி, இன்று தங்கள் கையால் முளைத்துவிட்டது!"